செல்ஃப் எடுக்காத காரும் ஒரு மணி நேர இன்வெர்ட்டரும்: புது பேட்டரி வாங்கும் முன் அளக்க வேண்டியவை

கேள்வி இதுதான். சின்ன பெட்ரோல் கார், 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி, போட்டு இரண்டரை வருடம். வாரத்தில் ஒரு நாள்தான் வண்டி வெளியே போகிறது. சாவியைத் திருப்பினால் ‘கட கட’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுப்பதில்லை. கடையில் 45 ஏ.ஹெச். போட்டுவிடுங்கள் என்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏ.ஹெச். டியூபுலர் (குழாய் வடிவ பிளேட் வைத்த வகை) பேட்டரிக்கு நான்கு வயது. முன்பு நான்கு மணி நேரம் தாங்கிய இன்வெர்ட்டர் இப்போது ஒரு மணி நேரத்தில் கத்துகிறது. இரண்டையும் மாற்றிவிடலாமா? ஸ்கூட்டர் பேட்டரியையும் ஃபோனை இரவு முழுக்க சார்ஜில் போடுவதையும் பற்றிக் கடைசியில் ஒரு வரி.

மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அளக்காமல் மாற்றாதீர்கள். பழைய பேட்டரியைக் கெடுத்த காரணம் வண்டியிலேயே இருந்தால் புதியதையும் அதுவே கெடுக்கும். அளக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும், சில நூறு ரூபாய்தான்.

முதலில் கார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் போடுவதற்கு முன் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். பானெட்டை முந்தின இரவே திறந்து வைத்துவிடுவது நல்லது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கும் கம்ப்யூட்டரும் விழித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.8-க்குக் கீழே காலி என்றே வைத்துக்கொள்ளலாம். 10.5-ஐ ஒட்டி நின்று, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட பிறகும் அங்கேயே திரும்பி வந்தால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஒன்று போனால் அவ்வளவு குறையும். அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது, ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. ஒன்பது, எட்டு என்று சரிந்தால் அது காலியாக இருக்கிறது, அல்லது கெட்டிருக்கிறது. ‘கட கட’ சத்தம் கேட்டும் மீட்டர் 12 வோல்ட்டை விட்டு அசையவில்லை என்றால் குற்றவாளி பேட்டரி அல்ல. கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது. பூத்துப்போன டெர்மினல், இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயர், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் குமிழ் மேலும் மற்றதை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பிளஸ் குமிழுக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவிலும் இதே சோதனை, அங்கே 0.2 வோல்ட்டே அதிகம். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால் நல்ல பேட்டரிகள் எத்தனையோ எக்ஸ்சேஞ்சுக்குப் போகின்றன.

மூன்றாவது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது. 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13.5-க்குக் கீழே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், வண்டி ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரில் கோளாறு இருக்கலாம். எப்போதும் 14.8-க்கு மேல் நின்றால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரியைக் காய்ச்சித் தண்ணீரை வற்றவைக்கும். சமீபத்திய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் ஆள்வதால் வோல்ட்டேஜ் 12.5-க்கும் 15-க்கும் நடுவில் ஏறி இறங்கும். அங்கே ஒரு தடவை பார்த்து முடிவுகட்டக் கூடாது.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது வாரம் ஒருமுறை ஓட்டுவதைத்தான். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். செல்ஃப் அடிக்க ஏறக்குறைய 150 ஆம்பியர், இரண்டு விநாடி. அது 0.08 ஏ.ஹெச்.தான். ஆல்டர்னேட்டர் சில நிமிடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் வண்டி பூட்டி நிற்கும்போதும் அலாரம், ரிமோட் ரிசீவர், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இது குறையல்ல, இயல்பு. 50 என்று வைத்தால் நாளுக்கு 1.2 ஏ.ஹெச்., வாரத்துக்கு 8.4. நூறு தடவை செல்ஃப் அடித்ததற்குச் சமம். 35 ஏ.ஹெச். பேட்டரியில் கால் பங்கு சும்மா நின்றே போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏ.சி.யும் விளக்கும் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்து வருவதில் அது திரும்பி நிறையாது. ஈய ஆசிட் பேட்டரி முதல் எண்பது சதவீதத்தைச் சடசடவென்று வாங்கிக்கொள்ளும். கடைசி இருபதுக்கு மணிக்கணக்கில் அடம்பிடிக்கும். இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு படி கீழே இறங்கி நிற்கிற பேட்டரியில் பிளேட்டுகள் மேல் ஈய சல்ஃபேட் படிகம் கெட்டிப்படுகிறது. அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது கரையாது. பேட்டரி ‘நிறைந்தது’ என்று காட்டும், இழுத்தால் படுத்துவிடும்.

இதற்கு 45 ஏ.ஹெச். மருந்தாகாது, தள்ளிப்போடும், அவ்வளவுதான். பெரிய பேட்டரியை ஆல்டர்னேட்டரால் நிறைக்க முடியாது என்று சொல்லப்படுவதும் தவறு. எடுத்த அளவைத் திருப்பிக் கொடுத்தால் போதும்; 35-இல் எடுத்தாலும் 45-இல் எடுத்தாலும் அளவு ஒன்றுதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தட்டில் உட்காருமா, இறுக்கும் பட்டை எட்டுமா, ஒயரை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்குமா, குமிழின் தடிமன் பொருந்துமா? 38பி20எல் என்று பேட்டரி மேல் அச்சிட்டிருப்பதில் 38 திறனைக் குறிக்கும் எண், பி என்பது அகலமும் உயரமும் சேர்ந்த பெட்டி அளவு, 20 என்பது சென்டிமீட்டரில் நீளம், எல் அல்லது ஆர் என்பது பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பது. 46பி24எல்எஸ் என்று கடைசியில் எஸ் வந்தால் தடித்த குமிழ். மெல்லிய குமிழுக்கு உரிய கிளாம்பை அதில் சுத்தியலால் தட்டி இறக்குவதும், தடித்த கிளாம்புக்குள் தகரத் துண்டைச் செருகி மெல்லிய குமிழில் மாட்டுவதும் சில கடைகளில் நடக்கிறது. இரண்டையும் அனுமதிக்காதீர்கள். சிவப்பு விளக்கில் இன்ஜின் தானாக அணைந்து தானாக எழும் வகை கார் என்றால் அதற்கென்றே உள்ள ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. வகையைத்தான் போட வேண்டும். சாதா பேட்டரி அதில் சீக்கிரம் களைத்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் 3.5 முதல் 4 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம், முழுதாக ஏற்றுங்கள். பிறகு ஒரு நாள் சும்மா விட்டு 12.6 நிற்கிறதா பாருங்கள். நின்றால் கடையில் கையடக்க டெஸ்டரில் சி.சி.ஏ. (செல்ஃப் அடிக்கக் கரண்ட் தரும் திறன்) பார்த்து அச்சுச் சீட்டு கேளுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே டெஸ்டரில் வைத்து ‘போச்சு’ என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. பேட்டரி மேல் இருக்கும் பச்சைக் கண்ணையும் நம்ப வேண்டாம். அது ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது.

பேட்டரி தேறிவிட்டால் கசிவை, அதாவது வண்டி பூட்டி நிற்கும்போது போகும் கரண்டை, அளக்க வேண்டும். மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, குமிழுக்கும் ஒயருக்கும் இடையில் வையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருங்கள், கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். இந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 200, 300 என்று வந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதில் அளவு சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் திருடன். பெரும்பாலும் வெளியில் மாட்டிய சமாச்சாரங்கள்தான்: டேஷ் கேமரா, ஜி.பி.எஸ்., கம்பெனிக்கு வெளியே போட்ட ஸ்டீரியோ. கசிவு இல்லையென்றால் மாதம் இரண்டு முறை இரவில் சின்ன சார்ஜர் போட்டுவிடுவது, அல்லது வாரத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுவது. வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் விடுவதால் பெட்ரோல்தான் வீண்.

புதியது வாங்கியே ஆக வேண்டும் என்றால் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கடையில் தூங்கியதை வாங்காதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 12.5-க்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். 24+24 வாரண்டி என்றால் முழுதாக 48 மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்பதில்லை. முதல் 24 மாதம்தான் இலவசம், அடுத்த 24-இல் அச்சிட்ட விலையில் ஒரு பங்கு தள்ளுபடி. கார்டில் தேதியும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியின் பாடி முழுவதும் மைனஸ் என்பதால், பிளஸ் நட்டைத் திருகும்போது பத்தாம் நம்பர் ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். மைனஸ் விலகியிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் இறங்கக் கூடாது. காய்ந்ததும் மாட்டி இறுக்கிவிட்டு அதன் மேல் வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு மாட்டுவது தலைகீழ் வேலை. பேட்டரியைச் சுற்றி வரும் வெப்பத் தடுப்பு உறையை மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார், கேட்டு வாங்கி மாட்டுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் பொதுவான கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொருளுக்கு அந்த உறை அலங்காரமல்ல.

இன்வெர்ட்டருக்கு வருவோம். இங்கே மீட்டரை விட, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் உண்மை பேசும். அதற்கு முன் தண்ணீர். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவைகள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் நீங்கள் அளக்கிற எதுவும் சரியாக வராது. பிளேட் வெளியே தெரிந்தால் பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழு சார்ஜ் ஆன பிறகு பச்சைக் கோடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். வழிவது தண்ணீர் மட்டுமல்ல, ஆசிட்டும் சேர்ந்து.

டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீர் போதும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் போதும் என்று வீட்டுக்கு வீடு ஒரு யோசனை உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும், முற்றாகப் போயிருக்காது. ஏ.சி. தண்ணீர் ஆவி குளிர்ந்ததுதான் என்றாலும் செம்புக் குழாயையும் தூசி படிந்த தகடுகளையும் தடவிக்கொண்டுதான் வருகிறது. இரும்பும் செம்பும் குளோரைடும் துளியளவு சேர்ந்தாலும் பேட்டரி தானாகவே இறங்க ஆரம்பிக்கும். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்து லிட்டர் கேன் விலையைப் பல ஆயிரம் ரூபாய் பேட்டரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆசிட் மட்டும் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர், ஆசிட் போகாது. சார்ஜ் இறங்கும்போது சல்ஃபேட் பிளேட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், அப்போது அளந்தால் ஆசிட் ‘குறைந்தது’ போலத் தெரியும். அதைப் பார்த்து புது ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டரில் எண் அழகாக ஏறும், உள்ளே கம்பிச்சட்டம் அரித்துப்போகும். ‘ஆசிட் மாற்றித் தர்றேன், புதுசு மாதிரி ஓடும்’ என்று வாசலில் வந்து நிற்பவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முழு சார்ஜுக்குப் பிறகு ஆறு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் வேண்டும், பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுப் பட்டாலும் பருத்தி வேட்டியில் துவைத்த பிறகுதான் ஓட்டை தெரியும். டியூபுலரில் 1.240-ஐ ஒட்டி வர வேண்டும், அது 27 டிகிரிக்கு உரிய அளவு. ஆசிட் 37 டிகிரியில் இருந்தால் அளவோடு 0.007 கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து செல் 1.240, ஒன்று மட்டும் 1.190 என்றால் அந்தச் செல் கெட்டது. அதுவே உங்கள் நான்கு மணி நேரத்தைத் தின்றது. பொதுவாக 0.030-க்கு மேல் வித்தியாசம் வந்தால் நம்பிக்கை குறைவு. ஆறும் ஒரே மாதிரி 1.180-இல் நின்றால் அது நல்ல செய்தி. பேட்டரி சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. இன்வெர்ட்டரின் பின்புறம் டியூபுலர், எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் பாருங்கள். எஸ்.எம்.எஃப்.இல் இருந்தால் டியூபுலருக்கு வேண்டிய வோல்ட்டேஜ் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் முக்கால் வயிற்றோடு இருந்திருக்கும். 150 ஏ.ஹெச்.-க்கு 15 ஆம்பியர் சார்ஜ் கரண்ட் சரியான அளவு. சுவிட்சை மாற்றி, ஒரு முழு நாள் சுமை இல்லாமல் சார்ஜில் விட்டு மறுபடி அளங்கள். ஆறிலும் 1.240 வந்தும் பேக்கப் இல்லையென்றால் பிளேட்டிலிருந்து மருந்து (கரண்டைச் சேமிக்கும் ஈயப் பூச்சு) உதிர்ந்துவிட்டது. இனி மாற்றலாம்.

மாற்றும் முன் ஒரு கணக்கு. 150 ஏ.ஹெச். என்பது 20 மணி நேரம் 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் குறையும். மூன்று சாதா ஃபேன் 225 வாட், நாலு எல்.இ.டி. 40, டி.வி. 60, ஆக 325 வாட். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 34 ஆம்பியர். புது பேட்டரியிலும் மூன்று, மூன்றரை மணி நேரம்தான். அதே மூன்று ஃபேனும் 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வகை) ஆனால் மொத்தம் 190 வாட், 20 ஆம்பியர், ஆறு மணி நேரத்தை ஒட்டி வரும். மாதப் பராமரிப்புக்கு என்று காலை 9 மணிக்கு எடுத்த கரண்ட் பிற்பகலில்தான் வரும் ஊர்களில் 220 ஏ.ஹெச்.-க்குத் தாவுவதை விட ஃபேன் மாற்றுவது பலன் தரும். பேட்டரியும் லேசாக இறங்குவதால் நீண்ட நாள் வாழும். கார் பேட்டரியை மட்டும் இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். அதன் மெல்லிய பிளேட்டுகள் ஒரு விநாடி வேகத்துக்கானவை, மணிக்கணக்கில் இறங்கி ஏறுவதற்கல்ல. இரண்டு பேட்டரி வைத்த 24 வோல்ட் இன்வெர்ட்டரில் ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

வைக்கும் இடம்: சார்ஜ் முடியும் கட்டத்தில் ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். மூடிய அலமாரி, விளக்கேற்றும் பூஜை மாடம், காஸ் அடுப்புக்குப் பக்கம் எல்லாம் ஆகாது.

ஸ்கூட்டரில் இருப்பது பெரும்பாலும் 4 அல்லது 5 ஏ.ஹெச். மூடிய வகை. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. கார் சார்ஜரின் 4, 5 ஆம்பியர் அதற்கு அதிகம்; அரை ஆம்பியரில் மெதுவாக ஏற்றுங்கள். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முற்றாக இறங்கினால் பம்ப்பும் ஓடாது, அதனால் கிக்கரை உதைத்தாலும் பயனில்லாமல் போகலாம். மாதக்கணக்கில் ஊருக்குப் போவதானால் மைனஸைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

ஃபோன் வேறு ஜாதி, லித்தியம். ‘முழுக்க இறக்கிவிட்டு ஏற்று’ என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம், லித்தியத்துக்கு அது கெடுதல். இரவு முழுக்க விட்டால் ஃபோன் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் செல் 4.2 வோல்ட்டை ஒட்டிய உச்சத்திலேயே விடியும் வரை உட்கார்ந்திருக்கிறது. கூடவே தலையணைக்கு அடியில் சூடும் சேர்ந்தால் வயது வேகமாகக் கூடும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், கவரைக் கழற்றித் தரையிலோ மேசையிலோ வையுங்கள். ஃபோனின் முதுகு உப்பி கண்ணாடி தூக்கிக்கொண்டால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்த வேண்டும். அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தி காற்றை எடுக்கலாம் என்று நினைப்பது தீயைக் கூப்பிடுவது.

பழைய ஈய பேட்டரியை எடைக்கு எடுக்கும் பழைய இரும்புக்கடையில் போடாமல் புதியதை வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. எடுத்துப் போகும்போது நிமிர்த்தியே வையுங்கள், 150 ஏ.ஹெச். டியூபுலர் ஐம்பது கிலோவுக்கு மேல், படியில் இறக்க இரண்டு பேர் வேண்டும்.